பெரியம்மா கதை நேரத்துக்கு வந்த அன்று

அரச குடும்பத்திலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் முதலில் கழிப்பறைக்குத்தான் பெயின்ற் அடிப்பார்கள். வருகிறவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கப்போவதில்லை. இருந்தாலும் அடிப்பார்கள். ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் நான் வேலைசெய்த நூலகக் கிளையில், சிறுவர் பகுதியின் கூரை ஒழுகுகிறது என்று நான் வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோயிருந்தேன். "ஒரு முக்கியமான விருந்தாளி வரக்கூடும்" என்று மேலிடத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்ததும் கூரை, கதவு, கழிப்பறை எல்லாம் ஒரே மூச்சில் புதிதாகிவிட்டன. ஆகவே அந்த விருந்தாளி அம்மா வருவதற்கு முன்னரே எனக்கு அவர் மேல் அரைவாசிக் கோபம் இருந்தது. கூரைக்காக அரைவாசி நன்றியும் இருந்தது.

சிறுவர் பகுதியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, புத்தகங்களை எப்படி அடுக்குவது, கணினியில் எதை எங்கே அழுத்துவது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். இரண்டு கிழமையில் அது கைக்கு வந்துவிடும். நான் எழுதுவது வேறொன்றைப் பற்றி. நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு குழந்தை மாட்டிக்கொள்ளப் போகிறது, அது உங்களுக்கு மட்டுந்தான் தெரிகிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது? அதற்கு எவரும் வகுப்பு வைப்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு நினைத்தால் உள்ளங்கை வியர்க்கிற ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். பயப்படவேண்டாம், நல்லபடியாக முடிந்த கதைதான்.

வந்தவர் பிரித்தானிய அரச குடும்பத்தின் மூத்த பெண்களில் ஒருவர். பெயர் எதற்கு? குழந்தைகள் வாசிக்கப் பழகவேண்டும் என்பதற்காக நெடுங்காலமாக ஊர் ஊராகப் போய்வருகிறவர். ரொறன்ரோவில் அவர் தங்கிய நாட்களில் ஒரு மருத்துவமனை, ஒரு விருந்து, ஒரு மரநடுகை என்று பல இருந்தன. அவற்றுக்கு நடுவில், புதிதாக நாட்டுக்கு வந்த குடும்பங்கள் அதிகமாக வரும் ஒரு நூலகத்தில் குழந்தைகளோடு சிறிது நேரம் இருக்கவேண்டும் என்று அவரே கேட்டாராம். அப்படித்தான் எங்கள் கிளைக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

விஷயம் வெளியே போகக்கூடாது என்று கடுமையான உத்தரவு. எங்கள் கிளையில் வாசிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்து ஆட்கள். எங்கள் சனத்திடம் ஒரு இரகசியம் போனால் அது ஹைவே 401 இல் ஏறி அடுத்த நகரமான அஜக்ஸுக்குப் போய்ச் சேர அதிக நேரம் எடுக்காது. எனவே தமிழ் தெரிந்த ஊழியர்கள் நாங்கள் எங்களுக்குள் அவருக்குப் "பெரியம்மா" என்று பெயர் வைத்துக்கொண்டோம். "பெரியம்மா எத்தனை மணிக்கு வாறா, பெரியம்மாவுக்கு எந்தக் கதிரை" என்று வாசகர்களுக்கு முன்னாலேயே பேசலாம். ஒருவருக்கும் சந்தேகம் வராது. எல்லார் வீட்டிலும் வந்து கஷ்டப்படுத்துகிற ஒரு பெரியம்மா இருப்பார்தானே.

பெரியம்மாவின் அலுவலகம் ஒன்றைக் கேட்டிருந்தது. அண்மையில் கனடாவுக்கு வந்த ஒரு குழந்தை, தனக்குப் பிடித்த ஒரு படப் புத்தகத்தை அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்திலிருந்து ஒரு குழந்தையைத் தெரிவுசெய்யும் பொறுப்பு கிளை மனேஜருக்கு வந்தது. மனேஜர் நல்ல மனிதர். ஆனால் பதற்றக்காரர். தேநீர் ஆறினாலும் பதறுவார். அவரும் நானும் இருந்து பிள்ளைகள் ஒவ்வொருவரையும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். எல்லாரும் வாய்க்குள்ளே முணுமுணுத்தார்கள். ஒருவன் மேசைக்குக் கீழே போய்விட்டான்.

அப்போதுதான் ஆரணி எழும்பினாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற, முன்பல் விழுந்த குட்டிப் பெண். தாய் சுகந்தியோடு வவுனியாவிலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. குப்பைத்தொட்டி கிண்டுகிற ரக்கூன் என்ற பிராணிக்குத் தூக்கம் வராத கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். நேராக நின்று, கைகூப்பி, எல்லாருக்கும் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னாள். பிறகு கணீரென்று வாசித்தாள். ரக்கூன் கொட்டாவி விடுகிற இடத்தில் கொட்டாவி, கோபப்படுகிற இடத்தில் கோபம். முடித்துவிட்டு "நன்றி, வணக்கம்" என்று தமிழில் சொல்லிக் கதிரையில் இருந்தாள். மனேஜர் முகத்தில் விளக்கு ஏற்றினது போல ஒரு வெளிச்சம். இந்தப் பிள்ளைதான் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார்.

உங்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்நேரம் ஒரு சந்தேகம் வந்திருக்கவேண்டும். கைகூப்பல், வணக்கம், இடத்துக்கு இடம் ஏற்ற இறக்கம், கடைசியில் நன்றி வணக்கம். இது எங்கள் பேச்சுப் போட்டி. இந்த நகரத்தில் வருடா வருடம் எத்தனை மண்டபங்களில் எத்தனை பிள்ளைகள் தாங்கள் வாசிக்கத் தெரியாத ஒரு பேச்சை, தாய்மார் இரவுபகலாகச் சொல்லிக்கொடுக்க, மூச்சுவிடாமல் ஒப்புவித்துவிட்டுக் கேடயத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். நானும் சின்ன வயதில் அப்படிக் கேடயம் வாங்கினவள்தான். அதனாலேயே எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று எண்ணினேன்.

சுகந்தி பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் பொதி கட்டுகிற வேலை. விடிவதற்கு முதல் வான் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் கொண்டுவந்து விடும். கணவர் இன்னும் ஊரில், விசா வருமென்று காத்திருந்தார். மகள் தெரிவாகிவிட்டாள் என்று நான் தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் அழுகிற சத்தம் கேட்டது. யாருக்கு வாசிக்கப்போகிறாள் என்பதை அவரிடம் சொல்லியே ஆகவேண்டியிருந்தது. பொலிஸ் சோதனைக்குப் பெயர் கொடுக்கவேண்டும். வாயைத் திறக்கவேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஒரேயொரு ஆளிடம் மட்டும் சொல்லியிருந்தார், அஜக்ஸில் இருக்கிற மச்சாளிடம். அந்த மச்சாளின் பிள்ளைகள் எல்லாவற்றிலும் முதலாம் ஆட்கள் என்பது எங்கள் கிளைக்கே தெரிந்த விஷயம். சுகந்தி சொல்லாமல் எப்படி இருப்பார்? நான் திட்டவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டபிறகு ஒத்திகை. மனேஜர் பெரியம்மாவின் இடத்தில் இருந்தார். நான் ஆரணிக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் வழமைபோல் கணீரென்று தொடங்கினாள். நடுவில் ஒரு தாளைத் திருப்பும்போது இரண்டு தாள் சேர்ந்து போனது. யாரோ ஒரு குழந்தையின் ஜாம் அந்தப் பக்கங்களை ஒட்டிவைத்திருந்தது. இப்போது அவளுக்கு முன்னால் இருந்த படத்தில் ரக்கூன் மரத்தின் மேல் இருக்கிறது. ஆரணியோ, அது குப்பைத்தொட்டிக்குள் இருப்பதாக உணர்ச்சியோடு வாசித்துக்கொண்டிருந்தாள். ஒட்டிக்கொண்ட பக்கத்தில் என்ன இருந்ததோ அதை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். மனேஜர் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்.

ஒத்திகை முடிந்ததும், புத்தகம் அடுக்க ஒரு கை உதவி தா என்று அவளைப் பின் அலுமாரிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப் பிள்ளைகளுக்கான வேறொரு புத்தகத்தை விரித்து, முதல் வரியில் விரலை வைத்தேன். அவள் விரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியாது அன்ரி."

"ஒண்டுமே தெரியாதோ?"

"என்ர பேர் தெரியும். ஸ்டொப் எண்டுறதும் தெரியும், அது றோட்டில இருக்கிறது." கொஞ்சம் யோசித்தாள். "அஜக்ஸ் மாமியின்ர மகள், மச்சாள் அக்கா, வாசிச்சுப் போனில அனுப்பினதைக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினனான். அம்மா நான் வாசிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. சொல்லிப்போடாதேங்கோ அன்ரி. அம்மா இப்பதான் சிரிக்கிறா."

இதைப் பள்ளியில் ஆசிரியை எப்போதோ சொல்லியிருப்பார். ஆனால் பள்ளியிலிருந்து வருகிற எதுவும் சுகந்திக்கு விளங்குகிற மொழியில் வருவதில்லை. அவர் வேலையிலிருந்து வருகிற நேரத்துக்குப் பள்ளியில் காவலாளிதான் இருப்பார்.

இப்போது நான் என்ன செய்யவேண்டும்? மனேஜரிடம் சொன்னால் அடுத்த நிமிடமே வேறொரு குழந்தை வந்துவிடும். அது அவர் தவறல்ல, அவர் இடத்தில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஆரணிக்கு என்ன ஆகும்? ஒரு புத்தகத்தைக் கையில் வைத்திருந்தபோது எல்லாருக்கும் முன்னால் தன்னைப் பிடித்து வெளியே விட்டார்கள் என்பது அவளுக்கு ஆயுள்முழுக்க மறக்காது. அப்படியான பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தைக் கண்டால் வயிற்றுவலி என்று சொல்லும். வாலிபத்தில் நூலகத்துக்கு வெளியே நிற்கும், உள்ளே வராது. எனக்குப் பெரியம்மாவின் பயணம் கெட்டுப்போவது பெரிய கவலை இல்லை. இந்தப் பிள்ளை இனி ஒரு புத்தகத்தைத் தொடுமா தொடாதா என்பதுதான் என் கவலை.

இன்னொன்றும் இருந்தது. கேட்டதைப் பாடமாக்கி, படத்தைப் பார்த்து, தாளைத் திருப்பிச் சொல்கிற குழந்தை ஏமாற்றுக்காரி இல்லை. எல்லாக் குழந்தையும் அந்த வாசல் வழியாகத்தான் வாசிப்புக்குள் வருகிறது. இவள் வாசலில் நிற்கிறாள், அவ்வளவுதான். எனவே நான் முடிவெடுத்தேன். ஜாம் ஒட்டின பிரதியை எடுத்து மறைத்துவிட்டு, சுத்தமான வேறொன்றை வரவழைத்தேன். நாளைக்கு நீ செய்கிறதை அப்படியே செய், நான் பக்கத்தில் இருப்பேன் என்று சொன்னேன். ஒரு புத்தகம், ஒரு வாசிப்பு, ஒரு படம், அத்தோடு முடிந்தது என்று நிகழ்ச்சிநிரல் சொன்னது. நிகழ்ச்சிநிரலை நம்பினேன். பெரிய மனிதர்கள் வருகிற இடத்தில் அதை மட்டும் நம்பாதீர்கள்.

சனிக்கிழமை வந்தது. சுகந்தி மகளுக்குப் பட்டுப்பாவாடை உடுத்தி, இரட்டைப் பின்னல் பின்னி, பூ வைத்துக் கொண்டுவந்திருந்தார். உள்ளே பெற்றோரில் ஒருவருக்கு மட்டுந்தான் அனுமதி. கண்ணாடிச் சுவருக்கு வெளியே, தடுப்புக் கயிற்றுக்கு அப்பால், அஜக்ஸ் மச்சாள் பனி அங்கியோடு தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். அவருக்குப் பக்கத்தில் இன்னும் பலர். இரகசியம் அஜக்ஸோடு நிற்கவில்லை, யூனியன்வில் வரைக்கும் போயிருந்தது.

அதிகாரிகள் எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். அவர் பேசினால் ஒழிய நீங்கள் பேசக்கூடாது. அவர் கை நீட்டினால் ஒழிய நீங்கள் கை நீட்டக்கூடாது. நிகழ்ச்சி நடக்கும்போது இடையில் புகுந்து எதுவும் சொல்லக்கூடாது. மனேஜர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

பெரியம்மா வந்தார். நான் நினைத்த மாதிரி இல்லை. சாதாரண நீல மேலங்கி, நடக்கத் தோதான சப்பாத்து, கையில் ஒரு பழைய கைப்பை. வயது முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவதோ நான்காவதோ நிகழ்ச்சி, களைத்திருந்தார். ஆனால் குழந்தைகளைக் கண்டதும் களைப்பை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டார். அவருக்கென்று நாங்கள் தேடிப்பிடித்துப் போட்டிருந்த பெரிய கதிரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆரணிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கதிரையில் இருந்தார். முழங்கால் நோவதை அவர் மறைக்கப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. எனக்கு அரச குடும்பத்தின் மேல் பக்தி ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்த இடத்தில் என் கோபத்தில் மிச்சமிருந்ததும் போய்விட்டது.

ஆரணி கைகூப்பினாள். தொடங்கினாள். ரக்கூன் கொட்டாவி விட்டது, கோபப்பட்டது, குப்பைத்தொட்டிக்குள் விழுந்தது, கடைசியில் தூங்கியது. தாள்கள் எல்லாம் சரியான இடத்தில் திரும்பின. "நன்றி, வணக்கம்" வந்தது. பெரியம்மா மனம்விட்டுச் சிரித்துக் கைதட்டினார். கமராக்கள் சடசடத்தன. நான் அப்போதுதான் மூச்சை விட்டேன்.

விட்டது பிசகு. பெரியம்மா தன் செயலாளர் பக்கம் கையை நீட்ட, அந்தப் பெண் ஒரு பொதியிலிருந்து புத்தம்புதிய புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நூலகத்துக்குக் கொண்டுவந்த அன்பளிப்பு. அட்டையில் ஒரு வாத்து பெட்டியோடு பஸ் தரிப்பிடத்தில் நின்றது. பெரியம்மா அதை ஆரணியின் மடியில் விரித்து வைத்தார். நீ இவ்வளவு அழகாக வாசிக்கிறாய், இதையும் கொஞ்சம் எனக்கு வாசித்துக் காட்டு என்று கேட்டார்.

அவர் அன்பாகத்தான் கேட்டார். அன்பாகக் கேட்டால் கேள்வி சின்னதாகிவிடாது. ஆரணி முதல் பக்கத்தைப் பார்த்தாள். அவள் காது சிவந்தது. சுவரோரம் சுகந்தி தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி, மகளை ஊக்கப்படுத்தத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கமராக்கள் காத்திருந்தன. கண்ணாடிக்கு வெளியே மச்சாள். ஆரணியின் கீழுதடு நடுங்கத் தொடங்கியதை அந்த அறையில் நான் மட்டுந்தான் பார்த்தேன் என்று நினைத்தேன்.

உங்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த நாட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிளையில் எனக்கு மேலே ஒரு பெண்மணி இருந்தார். கரிபியன் தீவு ஒன்றிலிருந்து வந்தவர், பெரிய உருவம், பெரிய சிரிப்பு. ஒருநாள் கதை நேரத்தில் பாயில் இருந்த ஒரு குழந்தை நனைத்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் மூக்கைச் சுளிக்கத் தொடங்கினார்கள். நான் துணி எடுக்க ஓடப்பார்த்தேன். அதற்குள் அந்த அம்மா தன் கையிலிருந்த பெரிய தண்ணீர்க் கோப்பையை அந்த இடத்திலேயே கவிழ்த்துவிட்டு, ஐயோ என் கை எவ்வளவு மோசமான கை பார்த்தீர்களா என்று சிரித்தார். எல்லாப் பிள்ளையும் அவரைப் பார்த்துச் சிரித்தது, நனைந்த குழந்தையும் சிரித்தது. பிறகு என்னிடம் ஒரேயொரு வசனந்தான் சொன்னார்: குழந்தை விழப்போகிறது என்று கண்டால் துணி தேடாதே, நீ முதல் விழு.

எனக்கு அது நினைவுக்கு வந்ததா, உடம்பு தானாகச் செய்ததா தெரியாது. நான் எழும்பி நின்றேன். எவரும் என்னிடம் பேசவில்லை. பேசச் சொல்லவும் இல்லை. நான் சத்தமாக ஆங்கிலத்தில் சொன்னேன்: மன்னிக்கவேண்டும் மேடம், இந்த அறையில் ஒரு சட்டம் இருக்கிறது, ஒருவர் வாசித்தால் அடுத்தது மற்றவர் வாசிக்கவேண்டும், இப்போது உங்கள் முறை.

அப்படி ஒரு சட்டம் எங்கள் கிளையில் இருந்ததில்லை. மனேஜரின் முகம் சுவரில் அடித்த புது வெள்ளைப் பெயின்ற் நிறத்துக்கு வந்துவிட்டது. காதில் வயர் மாட்டிய ஒருவர் ஒரு காலை முன்னுக்கு வைத்தார். செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில், என் ஓய்வூதியம் அந்த வாரமே தொடங்கிவிடும்போல இருந்தது. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. ஆனால் எல்லாக் கண்ணும் ஆரணியை விட்டு என் மேல் வந்துவிட்டது. எனக்கு வேண்டியது அதுதான்.

பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஆரணியைப் பார்த்தார். அந்தச் சிவந்த காதையும் உதட்டையும் பார்த்தார். அவசரப்படவில்லை. சட்டம் என்றால் சட்டந்தான் என்று புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணைச் சுருக்கினார், தூரமாகப் பிடித்தார், கிட்டவாகப் பிடித்தார். பிறகு ஆரணியிடம், ஒரு பெரிய பிழை நடந்துவிட்டது, என் கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒரு சொல்லும் வாசிக்க முடியாது என்றார்.

செயலாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பெரியம்மா அவர் பக்கம் திரும்பாமலே ஒரு விரலை உயர்த்தினார். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டார்.

"வாசிக்க ஏலாதோ?" ஆரணி ஆங்கிலத்தை மறந்து தமிழில் கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஒரு சொல்லும் முடியாது என்று பெரியம்மா திரும்பச் சொன்னார். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னார். எனக்குப் படம் மட்டுந்தான் தெரிகிறது, நீ உதவிசெய்தால் இருவரும் சேர்ந்து கண்டுபிடிக்கலாம், இந்த வாத்து ஏன் பெட்டியோடு நிற்கிறது என்று கேட்டார்.

ஆரணி படத்தைப் பார்த்தாள். வாத்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது என்றாள் மெல்ல. ஏன் தனியாக நிற்கிறது? அம்மா வாத்து பிறம்ரனுக்கு வேலைக்குப் போய்விட்டது. அங்கே அம்மா வாத்துக்கு என்ன வேலை? பெட்டிக்குள் சாமான் வைத்து ஒட்டுகிற வேலை, வான் வந்துதான் கூட்டிக்கொண்டு போகும், இன்றைக்குப் பனி, அதனால் வான் பிந்திவிட்டது. அப்பா வாத்து எங்கே? அது இன்னும் பறந்து வருகிறது, தூரம், ஒரு கடிதம் வந்தால்தான் இறங்கவிடுவார்கள்.

அறை முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. பெரியம்மா சிரிக்கவில்லை. கதையின் அடுத்த பக்கம் தெரியவேண்டும் என்கிற அவசரத்தோடு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். ஆரணி படம் படமாகச் சொல்லிக்கொண்டே போனாள். பேச்சுப் போட்டிக் குரல் போய், அவளுடைய சொந்தக் குரல் வந்துவிட்டது. சுவரோரம் சுகந்தி தொலைபேசியைக் கீழே இறக்கிவிட்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கடைசிப் பக்கத்தில் வாத்துகள் எல்லாம் ஒன்றாக இருந்தன. எல்லாரும் வந்திட்டினம் என்று ஆரணி முடித்தாள். நன்றி வணக்கம் சொல்ல மறந்துபோனாள்.

நிகழ்ச்சி முடிந்தது. பெரியம்மா எழும்ப நான் கை கொடுத்தேன். அவர்தான் கையை நீட்டினார், ஆகவே அது சட்டப்படி சரி. வாசலுக்குப் போகும்போது, அந்தப் புத்தகம் நூலகத்துக்கு வேண்டாம், இன்னொன்று அனுப்புகிறேன், இது ஆரணிக்கு என்று சொன்னார். பெயரை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். தன் பழைய கைப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அழகான சின்ன எழுத்தில் எழுதினார்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

அப்படியொரு சட்டம் உண்மையாகவே இங்கே இருக்கிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இன்றைக்குத்தான் வந்தது மேடம் என்றேன். நல்ல சட்டம், வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்து மூடிவிட்டு, அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார். தன் குடும்பத்தில் யாரும் பொதுவிடத்தில் ஒத்துக்கொள்ளாத ஒன்றை, எனக்கு முடியாது என்பதை, அத்தனை கமராவுக்கு முன்னால் ஒரு குழந்தைக்காகப் பொய்யாகச் சொன்னவர் அவர். பெரிய மனிதர்களைப் பற்றி நான் அதிகம் எழுதுவதில்லை. இதை எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

மனேஜர் கதிரையில் விழுந்து, எனக்கு ஒரு தண்ணீர் என்றார். திட்டவில்லை. நான் ஆரணியையும் சுகந்தியையும் வாசல்வரை கூட்டிக்கொண்டு போனேன். வெளியே கயிற்றை எடுத்துவிட்டிருந்தார்கள். மச்சாள் தொலைபேசியை நீட்டிப் படமெடுத்தபடி ஓடிவந்தார்.

"ஆரணி, அவா உன்னட்ட என்ன சொன்னவா?"

"அவாவுக்கு வாசிக்க ஏலாமப் போட்டுது. எனக்கும் ஏலாது. அப்ப ரெண்டு பேரும் படம் பாத்துக் கதை சொன்னனாங்கள்."

"உனக்கு ஏலாதோ? ரக்கூன் கதை வாசிச்சனிதானே?"

"அது பாடம்," என்றாள் ஆரணி. வெளியே குளிர் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

நான் திரும்பவும் விழத் தயாராக வாயைத் திறந்தேன். ஆனால் இந்தப் பிள்ளையின் முகத்தில் பிடிபட்ட பயம் எதுவும் இல்லை. நேற்று அலுமாரிக்குப் பின்னால் சொல்லிப்போடாதேங்கோ என்று கெஞ்சியவள் இன்று தெருவில் நின்று தானே சொல்லிவிட்டாள். வாயை மூடிக்கொண்டேன்.

மிச்சமிருந்தது சுகந்தி. அவர் முகத்தில் இரத்தம் இல்லை. மச்சாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். உண்மையா என்று கேட்டார். ஓம் என்றேன். எப்போது தெரியும் என்று கேட்டார். நேற்று என்றேன், அவள் சொல்லவேண்டாம் என்று கேட்டதையும் ஏன் கேட்டாள் என்பதையும் சொன்னேன். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது.

"அவள் வாசிக்கேக்க நான்தான் அக்கா பக்கத்தில இருந்து புத்தகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தனான்," என்றார் சுகந்தி. "சரியோ பிழையோ பாக்கிறன் எண்டு. எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும், சேத்து வாசிக்கத் தெரியாது. அவளுக்குத் தெரியக்கூடாதெண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தனான்."

ஆரணி தாயின் மேலங்கியைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, உங்களுக்கும் ஏலாதோ?"

சுகந்தி மகளைப் பார்த்தார். மச்சாளின் தொலைபேசியைப் பார்த்தார், அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, வேலைக்குப் போகிற வான் வண்டிக்குள் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற குரலில், "எனக்கும் ஏலாது," என்றார். சொல்லிவிட்டு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீரும் கூடவே வந்தது. மகளின் கையிலிருந்த வாத்துப் புத்தகத்தை வாங்கி, தெருவில் நின்றபடியே முதல் பக்கத்தை விரித்து, முதல் சொல்லில் விரலை வைத்து என்னிடம் நீட்டினார்.

"இது என்ன, அக்கா?"